செப்பேடு, தேங்காய்ப்பால், சாதி: கொச்சி யூதர்கள் பற்றிக் கேள்வி பதில்

சார், யூதர்களுக்குச் சேர மன்னர் கொடுத்த செப்பேடு கி.பி. 379ஆம் ஆண்டு என்கிறார்களே, சரியா? தமிழில் இருப்பதாகவும் கேள்விப்பட்டேன்.

379 என்பது சமூகத்தின் மரபுக் கணக்கு. எழுத்தமைதி அதற்கு இடம் கொடுக்காது. ஏட்டிலேயே 'இரண்டாமாண்டைக்கு எதிர் முப்பத்தாறாமாண்டு' என்று இருக்கிறது. இரண்டையும் கூட்டினால் பாஸ்கர ரவிவர்மனின் 38ஆம் ஆட்சியாண்டு, அதாவது சுமார் கி.பி. 1000. இந்த 'எதிர்' கணக்கைத் தவறவிட்டுத்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

எழுத்து வட்டெழுத்து, வடசொற்களுக்குக் கிரந்தம். மொழியைப் பழந்தமிழ் என்பாரும் உண்டு, பழைய மலையாளம் என்பாரும் உண்டு. வாய்விட்டுப் படித்தால் நமக்குப் பாதிக்கு மேல் புரியும். முயிரிக்கோட்டில் (இன்றைய கொடுங்கல்லூர்) இருந்தபோது ஈசுப்பு இரப்பானுக்கு, அதாவது யூதர் தலைவர் யோசேப்பு ரப்பானுக்கு, பகல் விளக்கு, பாவாடை (நடந்துவர விரிக்கும் துணி), பல்லக்கு, குடை, வடுகப்பறை, காளம் (ஊதுகொம்பு), தோரணம் என 72 வீடுபேறுகளை (சிறப்புரிமைகளை) மன்னர் கொடுக்கிறார். 'உல்கும் துலாக்கூலியும் விட்டோம்' என்ற வரிதான் முக்கியம். உல்கு சுங்கம், துலாக்கூலி எடைபோடும் கட்டணம். குடையும் பறையும் ஊரில் மதிப்புக்கு. துறைமுக வணிகருக்குக் கையில் காசு நின்றது இந்த ஒரு வரியால். மன்னரின் பெருந்தன்மை என்று மட்டும் இதைப் பார்ப்பவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். வணிகர் தங்கினால்தான் துறைமுகம் பிழைக்கும்.

அந்தச் செப்பேட்டில் வரும் அஞ்சுவண்ணம் என்றால் யூதர் குடியிருப்பா?

வணிகக் குழு. யூதர், முஸ்லிம், கிறித்தவர் என மேற்காசிய வணிகர் பலரும் அதில் இருந்தார்கள். கி.பி. 849இன் கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் ஒரு தேவாலயத்துக்கான கொடையைக் காக்கும் பொறுப்பு அஞ்சுவண்ணத்துக்கும் மணிக்கிராமம் என்ற இன்னொரு வணிகக் குழுவுக்கும் தரப்படுகிறது. அதன் சாட்சிக் கையெழுத்துகள் அரபு, பஹ்லவி (பழைய பாரசீகம்), எபிரேய எழுத்தில் எழுதிய பாரசீகம் என மூன்று வகை. ஒரு தேவாலயத்தின் ஆவணத்துக்கு இத்தனை மதத்தார் சாட்சி!

யூதர்கள் துன்பமே படாத ஒரே இடம் கேரளம் என்று சொல்லலாமா ஐயா?

அப்படி அடித்துச் சொல்லாதீர்கள். 1524இல் கொடுங்கல்லூரில் மிளகு வணிகப் போட்டி கலவரமாகி, யூதர் வீடுகளும் தொழுகைக்கூடங்களும் எரிந்தன. தப்பியவர்கள் சேந்தமங்கலம், கொச்சிப் பக்கம் நகர்ந்தார்கள். கொச்சி அரசர் தம் அரண்மனையை ஒட்டி இடம் கொடுத்தார். 1568இல் பரதேசி, அதாவது வெளியிலிருந்து வந்த யூதர்களின், தொழுகைக்கூடம் எழுந்தது. யூதர்கள் டச்சுக்காரருக்கு உதவினார்கள் என்று 1662இல் போர்த்துகீசியர் அதைச் சேதப்படுத்தினார்கள். மறு ஆண்டு டச்சுக்காரர் கொச்சியைப் பிடித்த பிறகே பழுதுபார்க்க முடிந்தது. ஆனால் உள்ளூர் அரசு யூதர் என்பதற்காக அவர்களைத் துரத்தியதில்லை. அந்த அளவில் சொல்லலாம்.

அவர்களுடைய இறைச்சிக் குழம்பில் தேங்காய்ப்பால் ஏன்?

இறைச்சியோடு பால், தயிர், நெய் எதுவும் சேரக்கூடாது என்பது அவர்கள் சட்டம். தேங்காய்ப்பால் பெயரில்தான் பால். சட்டப்படி அது காய்கறி. மலபாரில் அது தாராளம் என்பதால் அக்கம்பக்கத்துச் சமையல் அப்படியே கைகொடுத்தது.

செய்பவர்கள் தவறுவது அதற்கு முந்தைய கட்டத்தில். இரத்தம் உண்ணக்கூடாது என்பதும் அவர்கள் சட்டம். முறைப்படி அறுத்த இறைச்சியை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, எல்லாப் பக்கமும் கல் உப்புத் தூவி, சாய்வான பலகையில் ஒரு மணி நேரம் வைத்து, மூன்று முறை அலச வேண்டும். பொடியுப்பு போட்டால் உடனே கரைந்துவிடும், இரத்தத்தை இழுக்காது. பலகை சாயாவிட்டால் வடிந்த இரத்தத்திலேயே கறி கிடக்கும். ஈரலுக்கு உப்பு போதாது; தீயில் சுட வேண்டும். மீனில் செதிலும் துடுப்பும் வேண்டும்: கரிமீன் ஆகும், இறால் ஆகாது.

கோதுமை போன்ற தானியங்களின் புளித்த மாவு கூடாத பஸ்கா பண்டிகை நாட்களில் கொச்சி யூதர்களுக்குச் சோறு உண்டு. கோதுமை மணி கலந்திராமல் அரிசியைத் திரும்பத் திரும்பப் பொறுக்குவார்கள். இன்று சமைப்பவர்கள் கோட்டைவிடுவது பெருங்காயத்தில். கடையில் விற்பதில் பெரும்பாலும் கோதுமை மாவு அல்லது மைதா கலந்திருக்கும்.

அவர்களுக்குள்ளேயே சாதி இருந்ததாமே அண்ணா?

இருந்தது. சகவாழ்வைப் புகழ்பவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஸ்பெயின் முதலிய இடங்களிலிருந்து பின்னால் வந்த பரதேசிகள், முன்பே இருந்த மலபாரிகளோடு பெண் கொடுத்து எடுக்கவில்லை. 16ஆம் நூற்றாண்டிலேயே கெய்ரோவின் ரபி (யூத மதகுரு) தாவித் இப்னு சிம்ராவிடம் கேள்வி போனது. மலபாரிகள் யூதர்தானா என்ற ஐயம் தீர நீர்முழுக்குச் செய்தால் மணக்கலாம் என்று தீர்ப்பும் வந்தது. யாரும் மதிக்கவில்லை. அடிமை நிலையிலிருந்து விடுபட்டோரின் வழிவந்தவர்களுக்குப் பரதேசி தொழுகைக்கூடத்துப் பெஞ்சில் இடமே கிடையாது. அந்தப் பிரிவில் பிறந்த வழக்கறிஞர் ஏ.பி. சேலம் 20ஆம் நூற்றாண்டில் தொழுகைக்கூடத்துக்குள்ளேயே சத்தியாகிரகம் நடத்தித்தான் தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

தமிழ்நாட்டில் யூதத் தடயம் ஏதாவது?

சென்னை ஜார்ஜ் டவுனின் பவளக்காரத் தெரு. 17ஆம் நூற்றாண்டில் யூத வணிகர்கள் பவளம் கொண்டுவந்து கோல்கொண்டா வைரம் வாங்கிப் போனார்கள். 1688இல் மதராஸ் மாநகராட்சி தொடங்கியபோது 12 ஆல்டர்மேன்களில் (மாநகராட்சி மன்ற உறுப்பினர்களில்) மூவர் யூதர்.

பரதேசி தொழுகைக்கூடம் பார்க்க மட்டாஞ்சேரி போகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

சனிக்கிழமை போகாதீர்கள், ஓய்வுநாள், பூட்டியிருக்கும். வெள்ளி பிற்பகலும் நம்பாதீர்கள். கோயிலில் போலவே செருப்பைக் கழற்ற வேண்டும். கால்களுக்குக் கீழே நீல வெள்ளைச் சீன ஓடுகள். நடுவில் வேதம் வாசிக்கும் மேடை ஒன்று இருக்கும். தலையைத் தூக்கி மாடியைப் பாருங்கள், பெண்கள் பகுதிக்கு முன்னால் இன்னொன்று இருக்கும். இந்த இரட்டை மேடை கொச்சித் தொழுகைக்கூடங்களுக்கே உரியது. வெளியே எசெக்கியேல் ரஹாபி 1760இல் எழுப்பிய மணிக்கூண்டில் எபிரேயம், ரோமன், மலையாளம் என முகத்துக்கு ஒரு வகை எண்கள். மலையாள எண் முகம் அரண்மனையைப் பார்த்திருக்கும்.

நேரம் இருந்தால் சேந்தமங்கலத்துக்கும் போங்கள். இந்தியாவில் கிடைத்த மிகப் பழைய எபிரேயக் கல்லறைக்கல் அங்கே இருக்கிறது: 1269, சாரா என்ற பெண்ணுடையது.