ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரிக்குப் போனால் கோட்டை, படகுச் சவாரி தவிர வேறு என்ன பார்க்கலாம்?

இன்வர்னெஸ்ஸில் தங்கப்போகிறீர்கள், கையில் அரை நாள்தான் இருக்கிறது, கூட்டம் பிடிக்காது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் டிரம்னட்ராக்கிட் ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கி, அர்க்கர்ட் விரிகுடாக் காட்டுக்குள் நடந்து ஏரிக்கரைக்குப் போங்கள். பழைய கில்மோர் கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் பாதை தொடங்குகிறது. போய்த் திரும்ப ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர். ஆற அமர நடந்தாலும் ஒன்றரை மணி நேரம் போதும். கட்டணம் கிடையாது, ஏற்றமும் கிடையாது.

ஏன் இந்த இடம்? லாக் நெஸ் 37 கிலோமீட்டர் நீளம், சுமார் 230 மீட்டர் ஆழம். நிலத்தில் ஏற்பட்ட ஒரு பெரும் பிளவைப் பனியாறுகள் மேலும் குடைந்ததால் உண்டான ஏரி. அதனால் பெரும்பாலான இடங்களில் மலைச்சரிவு அப்படியே தண்ணீருக்குள் இறங்கிவிடும்; சாலையிலிருந்து எட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான். இந்த விரிகுடா அப்படியில்லை. என்ரிக், காயில்ட்டி என்ற இரண்டு ஆறுகள் மேட்டிலிருந்து அடித்துக்கொண்டு வந்த மணலும் வண்டலும் இங்கே படிந்து சமதரையாகிவிட்டன. காடு நிற்பது அந்த வண்டலின் மேல்தான்.

இதை மேப்பில் பச்சையாகத் தெரியும் சாதாரணக் காடு என்று நினைத்துவிடாதீர்கள். வெள்ளம் வந்து போகும் சதுப்புக் காடு இது. இந்த வகையில் கெடாமல் மிஞ்சியிருப்பவை ஐரோப்பாவிலேயே மிகக் குறைவு. உட்லேண்ட் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை பராமரிக்கிறது. பராமரிப்பு என்றால் பெருக்கித் துடைப்பது இல்லை. விழுந்த மரம் விழுந்த இடத்திலேயே கிடக்கும். அது ஆற்றை மறிக்கும்; ஆறு பக்கவாட்டில் புதுவழி தேடும்; பழைய வாய்க்கால் குட்டையாகத் தேங்கும். முதல் தடவை பார்ப்பவருக்குக் குப்பையாகத்தான் தெரியும். எனக்குப் பிடித்ததே அந்த ஒழுங்கின்மைதான்.

அதிகம் நிற்பது ஆல்டர் மரம். வேர் தண்ணீரில் ஊறிக் கிடந்தாலும் தாக்குப்பிடிக்கும். அதன் வேர் முடிச்சுகளில் ஃபிராங்கியா என்ற பாக்டீரியா இருந்துகொண்டு காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்கித் தருகிறது. நம் கடற்கரை மணலில் சவுக்கு செழிப்பதற்கும் ஃபிராங்கியா வகை பாக்டீரியாதான் துணை.

மரங்கள் முடியும் இடத்தில் சட்டென்று கூழாங்கல் கரை. எதிரே விரிந்து கிடக்கும் தண்ணீர். வலப்பக்கம் முனையில் அர்க்கர்ட் கோட்டையின் இடிபாடு. 1692இல் உள்ளே இருந்த படையினரே, எதிரிகளுக்குப் பயன்படக் கூடாதென்று வெடிவைத்துவிட்டுப் போன கோட்டை அது. கையில் தண்ணீரை அள்ளிப் பாருங்கள், கடுந்தேநீர் நிறத்தில் இருக்கும். மேட்டு நிலத்தில் செடிகொடிகள் மக்கி உண்டான கரிச்சேற்றிலிருந்து வரும் நிறம். அதனால் சில மீட்டருக்குக் கீழே எதுவும் தெரியாது. ஏரிக்குள் பெரிய மிருகம் ஒன்று வாழ்கிறது என்ற கதை 1933இலிருந்து ஓடிக்கொண்டிருப்பதற்கு இந்த இருட்டுக்கும் பங்கு உண்டு என்பது என் எண்ணம். தண்ணீரில் மிதக்கும் டிஎன்ஏவை ஆராய்ந்தவர்கள் 2019இல் சொன்னது: ஊர்வன எதுவும் இல்லை, விலாங்கு மட்டும் ஏராளம்.

குளிக்க இறங்காதீர்கள். கோடையிலும் தண்ணீர் விறைக்க வைக்கும், ஆழமும் சீக்கிரமே கூடிவிடும்.

மழைக்குப் பிறகு பாதை சேறாகும், சில இடத்தில் மூழ்கியே போகும். பூட்ஸ் இல்லாமல் போக வேண்டாம். தள்ளுவண்டிக் குழந்தையோடு போவதும் சிரமம். மே முதல் செப்டம்பர் வரை மிட்ஜ் என்ற பொடிக்கொசு மொய்க்கும், காற்று வீசாத மாலையில் ரொம்ப மோசம். அந்த மாதங்களில் காற்றுள்ள பகல் நேரமாகப் பார்த்துப் போங்கள். காட்டுக்குள் கடையோ கழிப்பறையோ கிடையாது, டீ குடிப்பதெல்லாம் ஊரிலேயே முடித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகும் நேரம் மிஞ்சினால் கோட்டை அதே சாலையில் சில கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது. அதற்கு மட்டும் டிக்கெட் வாங்க வேண்டும்.