பாடல் வரிகளும் குற்றவியல் நீதியும்: மகளின் ஆய்வு வீண்போகுமா?

கேள்வி: பல ஆண்டுகளாக வீட்டிலேயே கர்நாடக இசை கற்பித்து வருகிறேன். என் மகள் அமெரிக்காவில் இசைக்கல்வித் துறையில் முனைவர் பட்ட ஆய்வு மாணவி. ராப் பாடல் எழுதிய இளைஞர்களுக்கு எதிராக அந்தப் பாடல்களையே நீதிமன்றத்தில் சாட்சியமாக வைப்பது நியாயமா என்பதுதான் தன் ஆய்வு என்று இப்போது சொல்கிறாள். இசை வகுப்புக்கும் குற்ற வழக்குக்கும் என்ன தொடர்பு? சிறைகளுக்குப் போகவேண்டி வருமோ, வேலை கிடைக்குமோ என்று கவலையாக இருக்கிறது. – வாசகி, திருச்சி.

பதில்: அன்புள்ள சகோதரி, தொடர்பு இருக்கிறது, அதை உங்கள் வகுப்பிலிருந்தே காட்ட முடியும். க்ஷேத்ரக்ஞரின் பதம் (நாயகி கூற்றாக அமைந்த காதல் பாடல்) ஒன்றை ஒரு மாணவி பாடும்போது, அதில் நாயகனைக் கடிந்துகொள்வது நாயகியின் குரல்தானே தவிரப் பாடுபவரின் சொந்தக் கதை அன்று என்பதில் கேட்பவர் யாருக்கும் ஐயம் எழுவதில்லை. அந்தத் தெளிவு பிறவியில் வருவதில்லை. உங்களைப் போன்றவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கற்றுக்கொடுத்ததால் வந்தது. அப்படிக் கற்றுக்கொள்ளாத ஒருவர் ஜூரியாக (வழக்கில் குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்களில் ஒருவராக) அமர்ந்து, இன்னொருவருடைய பாட்டை வைத்து அவரது குற்றத்தைத் தீர்மானித்தால் என்ன ஆகும் என்பதே உங்கள் மகளின் கேள்வி என்று நினைக்கிறேன்.

இது கற்பனையான அச்சம் அன்று. நியூ ஜெர்சி மாநிலத்தில் ஒரு கொலை முயற்சி வழக்கில், குற்றம் சாட்டப்பட்டவர் எழுதிய ராப் வரிகளை அரசுத் தரப்பு பதின்மூன்று பக்க அளவுக்கு ஜூரிகளுக்குப் படித்துக் காட்டியது. அவற்றில் பல, சம்பவத்துக்கு வெகுகாலம் முன்பே எழுதப்பட்டவை. மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்ததை 2014-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. வழக்கின் நிகழ்வோடு நேரடியான, வலுவான தொடர்பு இல்லாத வரிகளைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்றது. கலிஃபோர்னியாவில் 2022-இல் இயற்றப்பட்டு அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்த ஒரு சட்டம், இத்தகைய படைப்புகளை அனுமதிக்கும் முன் நீதிபதி ஜூரிகள் இல்லாத நேரத்தில் விசாரித்து, அவை தப்பெண்ணத்தை உண்டாக்குமா என்று எடைபோட வேண்டும் என்கிறது.

கேரி ஃபிரைட் என்ற உளவியல் ஆய்வாளர் 1996-இல் வெளியிட்ட சோதனையைப் பற்றி மகளிடம் கேட்டுப் பாருங்கள். எனக்கு அது மிகவும் பிடித்த ஆய்வு. 1960-இல் வெள்ளையர் இசைக்குழு ஒன்று பாடிய, காவலரைச் சுட்டுவிட்டு ஓடுபவன் சொல்வது போன்ற நாட்டுப்புறப் பாடலின் வரிகளை எடுத்துக்கொண்டு, சிலரிடம் அது ராப் என்றும் சிலரிடம் வேறு வகைப் பாடல் என்றும் சொன்னார். ராப் என்று கேள்விப்பட்டவர்களுக்கு, அல்லது பாடியவர் கறுப்பினத்தவர் என்று நினைத்தவர்களுக்கு, அதே வரிகள் கூடுதல் ஆபத்தாகத் தோன்றின. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாரிஸ் குப்ரின் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2016-இல் இதை மீண்டும் சோதித்தபோது, ராப் என்று சொல்லப்பட்ட வரிகளையே மக்கள் உண்மைச் சம்பவமாக எடுத்துக்கொள்ள அதிகம் முனைந்தனர். எனக்கும் ராப் காதுக்கு அவ்வளவாக இனிப்பதில்லை. பிடிக்காத இசை என்பதாலேயே பாடுபவரைப் பற்றி ஒரு முடிவுக்கு வருவது எவ்வளவு எளிது என்பது அதனாலேயே எனக்குப் புரிகிறது.

இதில் இசைக்கல்வியின் பங்கு என்ன என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் 1967-இல் டேங்கிள்வுட் என்ற இடத்தில் கூடிய இசைக் கல்வியாளர்கள், இளைஞர்கள் கேட்கும் வெகுஜன இசை உட்பட எல்லா இசைக்கும் பாடத்திட்டத்தில் இடமுண்டு என்று அறிவித்தார்கள். ஆயினும் பேண்டு, ஆர்க்கெஸ்ட்ரா, சேர்ந்திசை ஆகிய மூன்றுமே இன்றும் பள்ளிகளில் முதன்மை பெறுகின்றன. பள்ளி கற்றுத்தராத இசையை நீதிமன்றம் தவறாகக் கேட்கிறது என்று உங்கள் மகள் நிறுவ முடிந்தால், அது இசைக்கல்விக்கான ஆய்வேதான்.

சிறைக்குப் போகவேண்டிய கட்டாயம் இல்லை. உண்மையில், கைதிகளை ஆய்வுக்கு உட்படுத்துவதற்கு அந்நாட்டின் மத்திய விதிகள் தனிப் பாதுகாப்புகளை வகுத்துள்ளன. பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதி பெறவே நீண்ட காலம் பிடிக்கலாம். கல்லூரி மாணவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் பாடலில் பேசும் குரலையும் பாடுபவரையும் பிரித்துக் கேட்கும் பயிற்சி அளித்து, பிறகு இரு பிரிவினரும் அதே வரிகளை எப்படி மதிப்பிடுகிறார்கள் என்று பார்ப்பதே போதுமான அளவு பெரிய ஆய்வு. அதற்கு மேல் சிறையில் இசைப் பணியில் உங்கள் மகள் இறங்கினாலும் அஞ்ச வேண்டியதில்லை. அயோவா பல்கலைக்கழக இசைக்கல்விப் பேராசிரியர் மேரி கோஹன் 2009-இல் ஒரு சிறைச்சாலையில் தொடங்கிய சேர்ந்திசைக் குழுவில், கைதிகளும் வெளியிலிருந்து வந்தவர்களும் ஒன்றாகப் பாடினார்கள்.

வேலையைப் பற்றிய உங்கள் கவலையை மட்டும் நான் தள்ளிவிட மாட்டேன். அங்கே இசைக்கல்விப் பேராசிரியர் பணியிடங்கள் குறைவு. பள்ளியில் சில ஆண்டுகளாவது பாடம் நடத்திய அனுபவத்தைப் பல விளம்பரங்கள் கேட்கின்றன. எனவே தலைப்பை மாற்றச் சொல்லாமல், இரண்டு விஷயங்களை மட்டும் கேளுங்கள். ஒன்று, வகுப்பறைக்கான பாடத்திட்டம் ஏதேனும் அந்த ஆய்விலிருந்து உருவாகுமா? இன்னொன்று, ஆய்வை மேற்பார்வையிடும் பேராசிரியர் குழுவில் சட்டமோ குற்றவியலோ கற்பிக்கும் பேராசிரியர் ஒருவர் இருக்கிறாரா? அப்படி ஒருவர் இல்லையென்றால், சாட்சியச் சட்டத்தைப் பற்றி எழுதும் அத்தியாயத்தைச் சரிபார்க்க ஆளிருக்காது. அப்படி ஒருவரை இப்போதே தேடச் சொல்லுங்கள்.