ஆண்கள் வேலைக்குப் போனால் நகரமா?

அன்புள்ள அக்கா,

குரூப் 1 தேர்வுக்குப் படிக்கிறேன். நகரங்களை மக்கள்தொகை, அமைவிடம், செயல்பாடு என்று பிரித்துப் படிக்கிறோம். சென்னையை எதில் சேர்ப்பது? துறைமுக நகரமா, நிர்வாக நகரமா, தொழில் நகரமா? அப்புறம், நான் சென்னைக்காரி என்றால் தோழிகள் ஒத்துக்கொள்வதில்லை. எங்கள் வீட்டில் அப்பா மட்டும்தான் வேலைக்குப் போகிறார், டாங்கி ஃபேக்டரிக்கு. அம்மா சும்மாதான் இருக்கிறார், பிளவுஸ் தைப்பார்.

வாசகி, ஆவடி

அன்புத் தங்கைக்கு,

சின்னப் பெண், நீ என்றே எழுதுகிறேன். தோழிகள் பேச்சை விடு. ஆவடி 2019 முதல் தனி மாநகராட்சி, அதில் குறைச்சல் ஒன்றுமில்லை. மக்கள்தொகைப்படி 1 லட்சம் பேருக்குக் குறையாமல் இருந்தால் முதல் வகுப்பு நகரம், 5,000-க்குக் கீழே ஆறாம் வகுப்பு என்பதை மனப்பாடம் செய்துகொள், போதும். கும்பகோணமும் சென்னையும் அதே முதல் வகுப்புதான். சென்னையைத் துறைமுக நகரம் என்று மட்டும் எழுதிவிடாதே. இங்கே இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கடலில் தள்ளி நிற்க, மசூலா படகுகளில் ஆளையும் சரக்கையும் கரைசேர்த்த ஊர் இது. சுவர் கட்டித் துறைமுகம் உண்டாக்கியது பின்னால்தான்.

உன் கடிதத்தில் என்னை நிறுத்தியது கடைசி வரி. அம்மா சும்மாவா இருக்கிறார்? ஹூக் வைத்து, கை மடித்து, தீபாவளிக்கு முந்தைய ராத்திரியெல்லாம் மெஷினில் உட்காருகிற அம்மாவைப் பற்றி இப்படி எழுத எப்படி மனசு வந்தது? உன்னை மட்டும் திட்டி என்ன பயன்? மக்கள்தொகைக் கணக்கெடுப்பே அப்படித்தான் பார்க்கிறது.

நகராட்சி, பேரூராட்சி என்று சட்டப்படி அறிவித்த ஊர்களை விடு. மற்ற ஊர் ஒன்றை ‘கணக்கெடுப்பு நகரம்’ என்று சொல்ல மூன்று நிபந்தனை: குறைந்தது 5,000 பேர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், முதன்மைத் தொழிலாளர்களில் 75 சதவீதம் பேர் விவசாயம் அல்லாத வேலையில் இருப்பது. இந்த மூன்றாவதில் எண்ணுவது ஆண்களை மட்டும். பெண்களின் வேலை அதில் வரவே வராது.

திருவள்ளூர் பக்கம் எங்கள் ஊரில் என் பெரியம்மா விடியற்காலை முதல் வண்டியில் பூக்கூடையோடு புரசைவாக்கம் போவாள். முல்லையும் கனகாம்பரமும் முழம் போட்டு விற்றுவிட்டு மதியம் திரும்புவாள். நடவு வந்தால் வயல். பெரியப்பா ஏர் ஓட்டினார், அதனால் அது கிராமம். இன்று அதே தெருப் பையன்கள் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள், அவர்கள் அம்மாக்கள் சேற்றில் நாற்று நடுகிறார்கள். இந்தக் கணக்குப்படி இனி அது நகரம். பட்டணத்துக்குப் போய்ச் சம்பாதித்த பெரியம்மாவால் ஊர் மாறவில்லை, வயலிலேயே நிற்கிற பெண்களால் ஊர் நகரமாவது நிற்கவும் இல்லை. ஊரில் பாதிப் பேரின் உழைப்பை எண்ணாமல் ஊரின் செயல்பாட்டை எப்படிச் சொல்வது? எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

முதன்மைத் தொழிலாளர் என்றால் வருஷத்தில் 6 மாதமாவது வேலை பார்த்திருக்க வேண்டும். பூ, நடவு, தையல் என்று சீசனுக்குச் சீசன் மாறுகிற பெண்ணை எந்தப் பத்தியில் எழுதுவது? எழுத வருகிறவர் வாசலில் நின்று வீட்டு ஆண்களிடம் கேட்பார். ‘அவ வீட்லதான்’ என்று பதில் வரும், முடிந்தது.

சரி, உன் தேர்வுக்கு: சென்னை பல செயல்பாடுகள் கொண்ட நகரம். கோட்டையில் இருக்கும் தலைமைச் செயலகம், துறைமுகம், ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை, அம்பத்தூர் தொழிற்பேட்டை, ஓஎம்ஆர் ஐ.டி. கம்பெனிகள் எல்லாம் சேர்த்து எழுது. கணக்கெடுப்பு நகரம் கேட்டால் ‘ஆண்’ என்பதை விடாமல் எழுது. 2027 கணக்கெடுப்புக்கு ஆள் வரும்போது நீ வாசலுக்குப் போ. அம்மா தையல் தொழில், வருஷம் முழுக்க என்று சொல், அப்படியே பதிகிறார்களா என்று கூட நின்று பார்.