மாத்திரை இப்போது கேட்பதில்லை

வாசகர் கேள்விகளுக்கு மனநல மருத்துவர் பதில்

கேள்வி: டாக்டரம்மா, எனக்கு வயது 33. மார்த்தாண்டத்தில் ஒரு ரப்பர் ஷீட் வியாபாரியிடம் கணக்கு எழுதுகிறேன். சின்ன வயதிலிருந்தே மறதி, எதையும் பாதியில் விடுவேன், 'சிந்தை இல்லாதவள்' என்றே பெயர் வாங்கினேன். இரண்டு வருடத்துக்கு முன் திருவனந்தபுரத்தில் ஒரு டாக்டரைப் பார்த்தபோது ஏடிஹெச்டி (கவனம் ஓரிடத்தில் நிற்காத குறைபாடு) என்று சொல்லி அதற்கு மெத்தில்பெனிடேட் என்ற மருந்து எழுதினார். முதலில் 18 மி.கி., அப்புறம் நீண்ட நேரம் வேலை செய்கிற 36 மி.கி. மாத்திரை, காலையில் ஒன்று. முதல் மாதம் ஒரு பில் புத்தகத்தைக் கையில் எடுத்தால் கடைசித் தாள் வரை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன், அன்றைக்கு அழுதேவிட்டேன். இப்போது ஆறு மாதமாக மாத்திரை கேட்பதில்லை. மத்தியானத்துக்குப் பிறகு சுத்தமாகக் கேட்பதில்லை. அதனால் இன்னொன்றை பிளேடால் பாதியாக வெட்டி 2 மணிக்குப் போடுகிறேன். 30 மாத்திரை 20 நாளில் தீர்ந்துவிடுகிறது. மீதி 10 நாளும் வேலைக்குப் போனாலும் பிணம் போல உட்கார்ந்திருக்கிறேன், சும்மா அழுகை வருகிறது. டாக்டரிடம் சொன்னால் நிறுத்திவிடுவார் என்று பயம். மெடிக்கல் ஷாப்பில் முன்கூட்டிக் கேட்டேன், ஒரு மாதிரி பார்த்தார்கள். வீட்டுக்காரர் ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகிறவர், விடிகாலை 3 மணிக்கு எழுந்து சாயா போட்டுக் கொடுத்தால் அப்புறம் எனக்கு உறக்கம் கிடையாது. நான் போதைக்கு அடிமையாகிவிட்டேனா? – குழித்துறைப் பக்கத்து வாசகி

பதில்: மக்களே, இவ்வளவையும் எழுதியதே பெரிய காரியம். இதே கடிதத்தை உங்கள் டாக்டரிடம் கொடுத்தால் பாதி வேலை முடிந்துவிடும். அதற்கு முன் ஒரு அவசர விஷயம். நெஞ்சு வலி, மயக்கம், இதயம் தாறுமாறாக அடிப்பது, யாரோ நம்மைக் கவனிக்கிறார்கள் பேசுகிறார்கள் என்ற சந்தேகம், இல்லாத குரல் கேட்பது, அந்த 10 நாளில் உயிரை விட்டுவிடலாமா என்ற நினைப்பு, இதில் ஒன்று இருந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். இவை எதுவும் இல்லையென்றால் மேலே படியுங்கள்.

'மருந்து உடம்புக்குப் பழகிவிட்டது' என்று நாம் ஒரே வாயில் சொல்வதற்குள் நாலைந்து வெவ்வேறு விஷயங்கள் இருக்கின்றன. முதல் மாதத்தில் உங்களுக்கு வந்த அந்தத் தெளிவில் ஒரு பங்கு மருந்தின் வேலை, இன்னொரு பங்கு, முப்பது வருடமாகத் திட்டு வாங்கியவளுக்கு முதல் தடவையாக ஒரு வேலை முடிந்த சந்தோஷம். அந்தச் சந்தோஷமும் ஆரம்பத்தில் சிலருக்கு வருகிற லேசான உற்சாகமும் சில வாரங்களில் அடங்கிவிடும், அடங்கத்தான் வேண்டும். மருந்தின் நிஜமான வேலை அதைவிட அமைதியானது: அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் இருக்கும், பேசுகிறவரை இடைமறிக்காமல் கேட்க வரும். அந்த முதல் மாதத்தைத் திரும்பப் பிடிக்கத்தான் பலரும் அளவைக் கூட்டுகிறார்கள், அது எவ்வளவு கூட்டினாலும் திரும்ப வராது.

இரண்டாவது, ஒரே நாளுக்குள் பழகுவது. இது நிஜமாகவே உண்டு. காலையில் ரத்தத்தில் இருக்கிற அதே அளவு மருந்து மதியத்துக்கு மேல் அந்த அளவுக்குக் கேட்பதில்லை என்று 1990களில் ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்தார்கள். அதனால்தான் நேரம் ஆக ஆகக் கூடுதலாக மருந்தை விடுகிற மாதிரி மாத்திரை செய்தார்கள், 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் அனுமதி பெற்ற கான்சர்ட்டா என்ற மெத்தில்பெனிடேட் மாத்திரை அப்படி வந்ததுதான். நீண்ட நேர மாத்திரைகள் எல்லாமே ஒரே மாதிரி வேலை செய்வதில்லை, சில 12 மணி நேரம் வரும், சில எட்டு மணி நேரத்திலேயே ஓய்ந்துவிடும். எனவே உங்கள் '2 மணிப் பிரச்சினை'க்கு வேறு வகை மாத்திரையோ, மதியம் எழுதித் தருகிற குறைந்த நேர மாத்திரையோ பதிலாக இருக்கலாம். அதை முடிவு செய்ய வேண்டியது டாக்டர். பிளேடு இல்லை.

பிளேடு பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். மெதுவாக விடுகிற மாத்திரையின் சூட்சுமம் முழுக்க அதன் கட்டமைப்பில் இருக்கிறது. வெட்டினால் அந்தக் கட்டமைப்பு உடையும், பத்து மணி நேரத்துக்குப் பிரித்து விட வேண்டிய மருந்து சட்டென்று வெளியே வரும். 2 மணிக்கு விறுவிறு என்று இருக்கும், சாயங்காலம் ஒரேயடியாக விழும், ஆனால் ராத்திரி உறக்கத்தைக் கெடுக்கிற அளவுக்கு மிச்சம் இருக்கும். கணக்கில் பார்த்தால் நீங்கள் ஒரு நாளைக்கு 54 மி.கி. எடுக்கிறீர்கள். பெரியவர்களுக்கு 72 வரை எழுதுகிற வழக்கம் இருக்கிறது, ஆக 54 என்பது பி.பி., நாடி பார்த்து டாக்டரே எழுதக்கூடிய அளவுதான்! நீங்கள் பயப்படுகிற அளவுக்கு அந்த எண்ணில் ஒன்றுமில்லை. வெட்டியதும், யாரும் நாடி பார்க்காமல் கூட்டியதும், மறைத்ததும்தான் பிரச்சினை.

மூன்றாவது, மாதக்கணக்கில் பழகுவது. மெத்தில்பெனிடேட் என்ன செய்கிறது என்றால், மூளையில் கவனத்துக்கு உதவுகிற டோபமைன் என்ற ரசாயனத்தைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்கிற கடத்திகளை அடைக்கிறது, அதனால் டோபமைன் வெளியே கொஞ்சம் கூடுதல் நேரம் நின்று வேலை செய்கிறது. 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 18 பெரியவர்களுக்கு ஒரு வருடம் இந்த மருந்து கொடுத்துப் பார்த்தபோது மூளையின் சில பகுதிகளில் அந்தக் கடத்திகள் சுமார் 24 சதவீதம் கூடியிருந்தன. அடைக்க வேண்டிய வாசல் கூடினால் மருந்து குறைவாகத் தெரியலாம், இல்லையா? ஆனால் 18 பேரை வைத்து ஊருக்கே தீர்ப்பு எழுத முடியாது. அதே அளவில் வருடக்கணக்காக நன்றாக இருக்கிறவர்கள் ஏராளம். அதனால் 'பழகிவிட்டது' என்பதைக் கடைசிக் காரணமாக வையுங்கள்.

ஏனென்றால் உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளில் முக்கியமான ஒன்றை எழுதிவிட்டுக் கடந்து போயிருக்கிறீர்கள். 3 மணிக்கு எழுந்தால் உறக்கம் கிடையாது என்கிறீர்கள். ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள்? வெட்டிய மாத்திரையோடு 11 மணிக்கு முன் கண் அயராது என்றால் நாலு மணி நேர உறக்கம். நாலு மணி நேரம் மட்டும் உறங்குகிற, ஏடிஹெச்டியே இல்லாத ஒருவரை உங்கள் நாற்காலியில் உட்காரவைத்தாலும் மத்தியானத்துக்கு மேல் பில்லில் எண்கள் நெளியத்தான் செய்யும். மருந்து உறக்கத்துக்கு ஈடு ஆகாது. சாயாவை ராத்திரியே பிளாஸ்கில் போட்டு வைத்துவிடுங்கள், வீட்டுக்காரரிடம் இதை விளக்கிச் சொன்னால் கேட்காத மனிதராக உங்கள் எழுத்தில் அவர் தெரியவில்லை. இரண்டு வாரம் ஏழு மணி நேரம் உறங்கிப் பார்த்தால் எது மருந்தின் குறை, எது உறக்கத்தின் குறை என்று பிரித்துத் தெரியும். மதியச் சாப்பாட்டை விடுகிறீர்களா என்றும் பாருங்கள், இந்த மருந்து பசியைக் கொல்லும், பசியோடு இருக்கிற மூளை 3 மணிக்குப் படுத்துவிடும். மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் மருந்து கேட்கவில்லை என்று சொல்கிற பெண்கள் நிறைய, தேதியோடு குறித்து வையுங்கள். ரத்தசோகை, தைராய்டு இரண்டுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடலாம். வேலை கூடியிருக்கிறதா என்பதும் கேள்விதான், ஒரு கடையின் கணக்கு மூன்று கடையாகி ஜிஎஸ்டி ரிட்டனும் உங்கள் தலையில் விழுந்திருந்தால் அதே மருந்து போதாமல்தான் தெரியும்.

அப்புறம் அந்த 20 நாள், 10 நாள் கணக்கு. கூடுதலாக எடுத்துவிட்டுத் திடீரென்று நின்றால் சோர்வு, அளவில்லாத உறக்கம், மனச்சோர்வு, அழுகை எல்லாம் வரும். அதில் ஒரு பகுதி மருந்து விட்டதன் விளைவு, ஒரு பகுதி அடியில் இருக்கிற ஏடிஹெச்டி. 10 நாள் கழித்து புது அட்டையைப் பிரித்ததும் இரண்டு மூன்று நாள் பிரமாதமாகக் கேட்கிறது, உடனே 'ஆக, நிறைய எடுத்தால் சரியாகும்' என்று மனம் கணக்குப் போடுகிறது. இந்தச் சுழல்தான் உங்களைப் பிடித்து வைத்திருக்கிறது.

அடிமையா என்று கேட்டீர்கள். ஒரு கடிதத்தை வைத்து அப்படி ஒரு பெயர் சூட்ட மாட்டேன். எழுதித் தந்ததைவிடக் கூடுதலாக எடுப்பது, தேதிக்கு முன் தீர்ந்துபோவது, மறைப்பது, இந்த மூன்றும் உங்களிடம் இருக்கின்றன, அவை எச்சரிக்கை மணி, அதைப் பூசி மெழுக முடியாது. அதே நேரம் நீங்கள் போதை ஏற்ற அந்தப் பாதி மாத்திரையைப் போடவில்லை, கணக்கைத் தப்பில்லாமல் முடிக்கப் போட்டீர்கள். இரண்டும் உண்மை, இரண்டையும் டாக்டர் கேட்க வேண்டும்.

எப்படிச் சொல்வது? ஒரு தாளில் எழுதுங்கள்: 'ஆறு மாதமாக 2 மணிக்குப் பாதி மாத்திரை கூடுதலாக எடுத்தேன், வெட்டி எடுத்தேன், மாதத்தில் 10 நாள் மருந்து இல்லாமல் இருந்தேன், உறக்கம் இத்தனை மணி நேரம்.' இதை நுழைந்தவுடனே கொடுத்துவிடுங்கள், எழுந்து வரும்போது வாசலில் நின்று சொல்லாதீர்கள். உங்கள் கூடுதல் பாதி தெரியாமல் அவர் அளவைக் கூட்டினால் அது தப்பான கணக்கின் மேல் போட்ட கூட்டல். தெரிந்தால் அவருக்குப் பல வழி உண்டு: நேரத்தை மாற்றலாம், வேறு வகை மாத்திரை தரலாம், தன் கண்காணிப்பில் இடைவெளி விடலாம், மெத்தில்பெனிடேட் மாதிரி மூளையைத் தூண்டுகிற ஊக்க மருந்து வகையைச் சேராத ஆட்டமாக்ஸெட்டின் என்ற மருந்தைப் பார்க்கலாம். அது கேட்க நாலு முதல் ஆறு வாரமோ இன்னும் கூடவோ ஆகும், பொறுமை வேண்டும். மாதத்துக்குப் பதில் ஒவ்வொரு வாரத்துக்கு மட்டும் தரச் சொல்லலாம், அட்டையை வீட்டுக்காரர் கையில் வைக்கலாம், அதில் கேவலம் ஒன்றுமில்லை. ஒருவேளை 'நிறுத்துகிறேன்' என்று மட்டும் சொன்னால், 'சரி டாக்டர், அடுத்து என்ன சிகிச்சை, எப்போது வந்து பார்க்கட்டும்' என்று கேட்டு வாங்காமல் எழுந்துவிடாதீர்கள்.

மெடிக்கல் ஷாப்காரர் பார்த்த பார்வையை மனதில் வைக்க வேண்டாம். இந்த மருந்து 1985 போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலிலும், கடுமையான கட்டுப்பாடுள்ள மருந்துகளின் பட்டியலான ஷெட்யூல் எக்ஸிலும் இருக்கிறது. விற்கத் தனி உரிமம் வேண்டும், சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒன்றை அவர் இரண்டு வருடம் பத்திரமாக வைக்க வேண்டும். முன்கூட்டித் தந்தால் மாட்டிக்கொள்வது அவர். 2020இல் வந்த விதிகளின்படி வீடியோவில் பார்த்தும் இதை எழுதித்தர முடியாது, நேரில்தான் போக வேண்டும். எல்லையில் இருக்கிற நமக்கு ஒரு தனிச் சபலம் உண்டு: களியக்காவிளை தாண்டி ஒரு டாக்டர், இந்தப் பக்கம் இன்னொரு டாக்டர் என்று இரண்டு சீட்டு வாங்கலாமே என்று தோன்றும். கெஞ்சிக் கேட்கிறேன், அதைச் செய்யாதீர்கள். டாக்டரை மாற்றுவதென்றால் பழைய சீட்டையும் கொண்டுபோய் முழுவதுமாக மாறுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியிலும் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. அந்த 10 நாளில் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ் 14416, இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே, இலவசம். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவு நீங்கள் சொல்வதை ரகசியமாக வைக்கச் சொல்கிறது, முதலாளிக்கோ பக்கத்து வீட்டுக்கோ போகாது. மனநலம் என்றாலே, திருவனந்தபுரத்து மனநல ஆஸ்பத்திரி இருக்கிற இடத்தைச் சொல்லி, 'ஊளம்பாறைக்குப் போனாளா' என்று கேட்கிற ஊர் நம் ஊர் என்பது எனக்கும் தெரியும், தெரிந்துதான் சொல்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு 10 வயது, இதே மருந்து. ஞாயிற்றுக்கிழமை கொடுக்காமல் விட்டால் பழகிப்போகாது என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். விடலாமா? – செங்கோட்டை வாசகர்

பதில்: லீவு நாளில் விடச் சொல்வது பெரும்பாலும் பசிக்காகவும் எடை, உயரம் கூடுவதற்காகவும். பழகாமல் இருக்கும் என்பதற்காக நீங்களாக விட வேண்டாம், சைக்கிள் ஓட்டுகிற, குளத்துக்குப் போகிற பையனுக்கு ஞாயிற்றுக்கிழமையும் கவனம் வேண்டும். எடையையும் உயரத்தையும் நோட்டில் குறித்துக் கொண்டுபோய்க் கேளுங்கள். பின்னால் ஆட்டமாக்ஸெட்டினுக்கு மாற்றினால் அதை இப்படி நாள் விட்டு நாள் கொடுக்கவே கூடாது.

கேள்வி: டாக்டர் மலையாளத்தில் கேட்கிறார், எனக்கு அவசரத்தில் தமிழும் வராது மலையாளமும் வராது. தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறேன். – கொல்லங்கோடு வாசகர்

பதில்: தமிழிலேயே பேசுங்கள், திருவனந்தபுரத்தில் பெரும்பாலான டாக்டர்களுக்குப் புரியும். அதைவிட நல்லது, மாத்திரை அட்டையையே எடுத்துப் போய் மேசையில் வைத்துவிடுவது. எத்தனை குழி காலி, தேதி என்ன என்று அவரே எண்ணிக்கொள்வார்.