பழைய பாண்ட், புதிய பாண்ட்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், ஜேம்ஸ் பாண்ட் படங்களின் நாயகர்கள் ஆறு பேரில் (கானரி, லேசன்பி, மூர், டால்டன், பிராஸ்னன், கிரெய்க்) டிமோதி டால்டன்தான் சிறந்தவர் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். சர்க்கரை நோய், சொத்துத் தகராறு, மருமகள் பற்றிய கேள்விகளெல்லாம் ஒதுங்கிக்கொள்ள, இந்த வாரத் தபால் முழுக்க பாண்ட். ஒரே பொருளாக இருப்பதால் ஒரே மூச்சில் பதில் சொல்லிவிடுகிறேன்.

ஷான் கானரியை ஒதுக்கிவிட்டு டால்டனா? உங்களுக்கு என்ன ஆயிற்று?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்)

கானரியை நான் எங்கே ஒதுக்கினேன்? முதலில் ஒதுக்கப் பார்த்தவர் பாண்டைப் படைத்த இயான் ஃப்ளெமிங். அவர் மனதில் இருந்தது மேட்டுக்குடி ஆங்கிலேயன். வந்து நின்றவரோ எடின்பரோவில் வீடு வீடாகப் பால் போட்டவர், சவப்பெட்டிக்கு மெருகு ஏற்றியவர், உடற்பயிற்சிப் போட்டிகளில் நின்றவர். பேச்சில் ஸ்காட்லாந்து வாடை. தயாரிப்பாளர்கள் பிராக்கோலியும் சால்ட்ஸ்மனும் அவர் பேசியதைவிட, பேசிவிட்டுத் தெருவைக் கடந்து நடந்துபோன விதத்தை ஜன்னல் வழியே பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். இயக்குநர் டெரன்ஸ் யங் தன்னுடைய தையல்காரரிடமே அவரை அழைத்துப் போய் கோட்டு சூட்டு தைத்துக் கொடுத்தார். உடை உடம்போடு ஒட்ட வேண்டும் என்று, அதைப் போட்டுக்கொண்டே தூங்கவும் சொன்னாராம்.

1962இல் 'டாக்டர் நோ' வந்தது. ஃப்ளெமிங்கின் மனமும் மாறியது. பின்னால் எழுதிய நாவலில் பாண்டின் தந்தையை ஸ்காட்லாந்துக்காரராக்கிவிட்டார். ஆக, 'இவன் பாண்டே இல்லை' என்ற வழக்கு ரசிகர்கள் தொடங்கியதல்ல. தொடங்கிவைத்தவர் எழுத்தாளர், தோற்றவரும் அவரே.

முதல் மூன்று படங்களின் கானரிக்கு ஈடு கிடையாது என்பதை எழுதித் தருகிறேன். ஆனால் 1967இல் ஜப்பானில் எடுத்த 'யூ ஒன்லி லிவ் ட்வைஸ்' படத்தை இன்னொரு முறை பாருங்கள். எப்போது பேக்கப் சொல்வார்கள் என்று காத்திருக்கும் முகம் அது. ஐந்து வருடத்தில் அலுத்துவிட்டது. நாம் சண்டை போடும்போது 'கோல்ட்ஃபிங்கர்' கானரியை மட்டும் களத்தில் இறக்கிவிட்டு இந்தக் கானரியை வீட்டுக்குள் ஒளித்து வைத்துவிடுகிறோம்.

இரண்டே படம் நடித்தவர் டால்டன். இரண்டாவது படம் அமெரிக்காவில் ஓடவும் இல்லை. எந்தக் கணக்கில் முதலிடம்?
(வாசகி, திருநெல்வேலி)

ஒரு பலூன் கணக்கில்.

1987இல் வந்த 'தி லிவிங் டேலைட்ஸ்' படத்தில் வியன்னாவின் பொழுதுபோக்குப் பூங்கா ஒன்று வரும். சாண்டர்ஸ் என்ற சக அதிகாரி பாண்டுக்குத் தகவல் கொண்டுவருகிறார். விதிமுறைப் புத்தகத்தை மடியில் கட்டிக்கொண்டு அலைபவர். அதுவரை பாண்டுக்கும் அவருக்கும் உரசல். அன்றுதான் முதல்முறையாக, நன்றாகச் செய்தீர்கள் என்று பாண்ட் மனம்விட்டுச் சொல்கிறான். சாண்டர்ஸ் கிளம்புகிறார். தானாகத் திறந்து மூடும் கண்ணாடிக் கதவு அவர் மேல் பாய்ந்து அடிக்கிறது. அவ்வளவுதான், ஆள் முடிந்தார். ஒற்றர்களுக்குச் சாவு என்ற பொருளில் ரஷ்ய மொழி வாசகம் எழுதிய பலூன் ஒன்று உருண்டு பாண்டின் காலடிக்கு வருகிறது.

மூராக இருந்தால் புருவம் உயர்ந்திருக்கும். பிராஸ்னனாக இருந்தால் டையைச் சரிசெய்திருப்பார். டால்டன் அந்தப் பலூனைக் கையாலேயே உடைக்கிறார். முகத்தில் கொலைவெறி. வேறு பலூன்கள் தெரிந்த திசையில் துப்பாக்கியோடு ஓடிப் பாய்கிறார். எதிரே நிற்பது ஒரு தாயும் குழந்தையும். துப்பாக்கியை மறைக்கும் அந்த ஒரு நொடியில் வெட்கம், கோபம், களைப்பு மூன்றும் வந்து போகின்றன. இந்தத் தொழில் ஒரு மனிதனை என்ன செய்யும் என்று அதுவரை வந்த எந்தப் பாண்டும் இவ்வளவு சுருக்கமாகக் காட்டியதில்லை.

'லைசென்ஸ் டு கில்' அமெரிக்காவில் சறுக்கியது உண்மை. 1989 கோடையில் 'பேட்மேன்', இண்டியானா ஜோன்ஸின் மூன்றாவது படம், 'லீத்தல் வெப்பன் 2' ஆகியவற்றுக்கு நடுவே கொண்டுபோய் அதை இறக்கினார்கள். அடுத்த படத்துக்குள் ஸ்டுடியோ கைமாறியதில் வழக்குகள் முளைத்தன. ஆறு வருடம் பாண்ட் படமே இல்லை. காத்திருந்து காத்திருந்து 1994இல் டால்டன் விலகினார். தோற்று ஓடினார் என்று எழுதியிருக்கும் சேலம் வாசகர் இந்தத் தேதிகளைக் கவனிக்கவும். அதன்பின் 2006இல் முரட்டுத்தனமும் வலியுமாக டேனியல் கிரெய்க்கின் பாண்ட் வந்தபோது உலகமே புதுமை என்று கைதட்டியது. அது 19 வருடம் பழைய சரக்கு.

ஒரே படத்தோடு ஓடிய ஜார்ஜ் லேசன்பி முட்டாளா, சாமர்த்தியசாலியா?
(கல்லூரி மாணவர், ஈரோடு)

வேடத்தைப் பிடித்தது சாமர்த்தியம். விட்டது மற்றது.

ஆஸ்திரேலியாவில் கார் விற்றவர். லண்டன் வந்து சாக்லேட் விளம்பரத்தில் நடித்தவர். சினிமா அனுபவம் பூஜ்யம். கானரி விலகியதும் என்ன செய்தார் தெரியுமா? கானரியின் தையல்காரரிடம் போய், அவருக்காகத் தைத்து வாங்கப்படாமல் கிடந்த சூட்டை வாங்கினார். கானரியின் முடிதிருத்துபவரிடமே முடி வெட்டிக்கொண்டார். இருக்கிற அனுபவம் இல்லாத அனுபவம் எல்லாம் சொல்லித் தேர்வுக்குள் நுழைந்தார். கடைசியில் மனசாட்சி உறுத்தி, 'எனக்கு நடிக்கவே தெரியாது' என்று இயக்குநர் பீட்டர் ஹன்ட்டிடம் சொன்னபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார். இவ்வளவு பெரிய தயாரிப்பாளர்களை ஏமாற்றத் தெரிந்தவனுக்கு நடிக்கத் தெரியாதா என்பது அவர் வாதம். சண்டைப் பரீட்சையில் எதிராளியின் மூக்கைப் பெயர்த்ததும் வேடம் உறுதியானது.

பிறகு ஏழு படத்துக்கான ஒப்பந்தத்தை நீட்டினார்கள். ஹிப்பிகளின் காலம் வந்துவிட்டது, பாண்ட் எல்லாம் இனி செல்லாது என்று அவருடைய ஆலோசகர் ஓதினார். இவர் கேட்டார். படத்தின் முதல் காட்சி விழாவுக்குத் தாடியும் நீள முடியுமாகப் போய் நின்றார்.

இத்தனைக்கும் 'ஆன் ஹெர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்' இந்த வரிசையின் மிகச் சிறந்த மூன்று படங்களுள் ஒன்று. திருமணமான கையோடு மனைவி சுடப்பட்டு மடியில் கிடக்கிறாள். விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம், 'ஓய்வெடுக்கிறாள், அவசரமில்லை' என்கிறான் பாண்ட். குண்டு துளைத்த கார்க் கண்ணாடியோடு படம் முடிகிறது. கானரி இருந்திருந்தால் இந்தப் படம் இன்னும் எங்கேயோ போயிருக்கும் என்பது ரசிகர்களின் நிரந்தரப் பல்லவி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1969இன் கானரி அந்தப் பெண்ணுக்காக உடைந்துபோவதை நம்மால் நம்ப முடியுமா? இந்தப் படத்துக்கு உலகம் தெரியாத ஒரு முகம் தேவைப்பட்டது. 29 வயதில் அது லேசன்பியிடம் நிறையவே இருந்தது.

ஜேம்ஸ் பாண்ட் என்பது ஒரு பதவிப் பெயர், ஆள் மாறும்போது புது ஒற்றனுக்கு அந்தப் பெயரைக் கொடுக்கிறார்கள் என்கிறான் என் மகன். சரியா?
(வாசகர், நாகப்பட்டினம்)

மகனை 'ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி' படத்தின் தொடக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மேலே சொன்ன மனைவியின் கல்லறைக்குப் பூ வைக்கப் போகிறவர் ரோஜர் மூர். லேசன்பி கட்டிய தாலிக்கு மூர் ஏன் பூ வைக்க வேண்டும்? 'ஸ்கைஃபால்' படத்தில் பாண்டின் பெற்றோர் கல்லறையிலும் பாண்ட் என்றுதான் பொறித்திருக்கிறது. எண்தான் பதவி. 'நோ டைம் டு டை' படத்தில் 007 என்ற எண்ணை நோமி என்ற பெண் அதிகாரிக்குக் கொடுத்திருப்பார்கள். பெயர் இவனோடேயே இருந்தது.

ரோஜர் மூர் கோமாளி என்று எழுதும் துணிவு உங்களுக்கு உண்டா?
(வாசகர், ஆம்பூர்)

துணிவு உண்டு, உடன்பாடு இல்லை. மேலும் என் மைத்துனர் மூர் பக்தர். பொங்கலுக்கு வீட்டுக்கு வருவார்.

கானரியைப் போல இன்னொருவரைத் தேடியிருந்தால் இந்த வரிசை 1973லேயே படுத்திருக்கும். 45 வயதில் வந்த மூர், கானரி செய்த எதையும் செய்யவில்லை. ஓட வராது என்று அவரே கேலி செய்துகொள்வார். சவாலும் சாதாரணமானதல்ல: 1983இல் மூரின் 'ஆக்டோபஸி' ஜூனில் வந்தது, போட்டித் தயாரிப்பாளருக்காகக் கானரியே மீண்டும் பாண்டாக நடித்த 'நெவர் சே நெவர் அகெய்ன்' அக்டோபரில் வந்தது. அதன் மூலமான 'தண்டர்பால்' கதையின் உரிமை குறித்து 60களில் நடந்த பழைய வழக்கின் வால் அது. பாண்ட் என்றால் கானரிதான் என்போர் அன்று கொண்டாடியிருக்க வேண்டும். வசூலில் ஜெயித்தவர் மூர். 55 வயது மூரும் 53 வயது கானரியும் மோதியதில் மூப்பு ஜெயித்தது என்றும் சொல்லலாம்.

'ஆக்டோபஸி' என்றால் நமக்கு நம் சென்னை விஜய் அமிர்தராஜ்தான். உதய்பூரில் ஆட்டோ ஓட்டிக்கொண்டு வரும் ஒற்றர். துரத்துபவர்களை டென்னிஸ் மட்டையால் அடிப்பார். தெருவில் நிற்கும் கூட்டம் ஆட்டம் பார்ப்பதுபோல இடமும் வலமும் தலையைத் திருப்பும். அசட்டுத்தனம்தான், சிரிக்காமல் இருந்தால் சொல்லுங்கள். அதே படத்தில் தன் இந்தியக் கூட்டாளியிடம் நோட்டுக்கட்டைக் கொடுத்து, குழம்புச் செலவுக்கு ஆகும் என்கிற தொனியில் பாண்ட் பேசுவதுதான் எனக்குப் பிடிக்காத இடம். மைத்துனரிடமும் சொல்லியிருக்கிறேன்.

'எ வியூ டு எ கில்' வரைக்கும் இருந்திருக்க வேண்டாம். அப்போது வயது 57.

பியர்ஸ் பிராஸ்னனைத் தூக்கியது அநியாயம் இல்லையா?
(வாசகி, கோவை)

அவருக்கு வேடம் வந்த விதமும் அநியாயம், போன விதமும் அநியாயம். 1986இல் அவரைத்தான் தேர்வு செய்தார்கள். அவர் நடித்த 'ரெமிங்டன் ஸ்டீல்' தொலைக்காட்சித் தொடரை ஒளிபரப்பு நிறுவனம் நிறுத்தியிருந்தது. பாண்ட் செய்தி பரவியதும் தொடருக்குத் திடீர் மவுசு. கெடு முடியும் தறுவாயில் ஒப்பந்தத்தைப் புதுப்பித்து அவரைக் கட்டிப்போட்டார்கள். அப்படித்தான் டால்டனுக்கு வேடம் வந்தது. அந்தத் தொடரோ சில மாதங்களில் மூடப்பட்டது.

1995இல் ஒருவழியாக 'கோல்டன் ஐ' கிடைத்தது. நான்கு படங்களும் பணம் குவித்தன. நான்காவதான 'டை அனதர் டே' அதுவரையிலான பாண்ட் படங்களிலேயே அதிகம் வசூலித்தது. ஐந்தாவதற்கு அவர் தயாராக இருந்தபோது, வேண்டாம் என்ற செய்தி தொலைபேசியில் வந்தது.

காரணம் அவரல்ல. கண்ணுக்குத் தெரியாத கார் வரைக்கும் போய்விட்ட கதைகள். 2001 செப்டம்பருக்குப் பின் அப்படிப்பட்ட உலகத்தில் ஒற்றனை உலவவிட முடியாது என்று தயாரிப்பாளர்களுக்குத் தெரிந்துவிட்டது. கைக்கு வந்திருந்த 'கேசினோ ராயல்' என்ற முதல் பாண்ட் நாவலின் உரிமையும் பாண்டின் தொடக்கக் கதை ஒன்றைக் கேட்டது. காரை எழுதியவர்களுக்குத் தொடர்ந்து வேலை கிடைத்தது, ஓட்டியவருக்குப் போயிற்று. 'டை அனதர் டே'யை எழுதிய இருவர் பெயர் 'கேசினோ ராயல்' படத்திலும் உண்டு, கவனியுங்கள்.

டேனியல் கிரெய்க் பாண்ட் மாதிரியே இல்லை. இன்றைக்கும் சொல்வேன்.
(வாசகர், புதுச்சேரி)

சொல்லுங்கள். 2005 அக்டோபரில் அவர் தேம்ஸ் நதியில் கடற்படை வீரர்களின் படகில் வந்து இறங்கியபோது லண்டன் பத்திரிகைகளும் சொன்னன. பொன்னிற முடியாம். கோட்டின் மேல் உயிர்காப்பு அங்கி மாட்டியிருந்தாராம். படத்தைப் புறக்கணிக்கச் சொல்லி இணையதளமே திறந்தார்கள்.

'கேசினோ ராயல்' தொடக்கத் துரத்தலில் ஓர் இடம். ஓடுகிறவன் சுவரின் மேலே இருக்கும் சின்னத் திறப்புக்குள் மீன்போல நுழைந்து போகிறான். பின்னால் வரும் கிரெய்க், சுவரையே உடைத்துக்கொண்டு வருகிறார். உடம்பெல்லாம் சுண்ணாம்புத் தூள். புது பாண்ட் யார் என்று அந்த ஒரு ஷாட் சொல்லிவிட்டது, வசனமே தேவைப்படவில்லை. இப்போது அதே ஆட்கள், இவருக்குப் பிறகு யார் வந்தாலும் பொருந்தாது என்கிறார்கள்.

அடுத்த பாண்ட் யார்? உங்கள் ஓட்டு?
(பல ஊர்களிலிருந்து பலர்)

இதை எழுதும்வரை அறிவிக்கவில்லை. எனக்குக் கவலை நடிகரைப் பற்றி அல்ல. 1962 முதல் ஆளைத் தேர்ந்தெடுத்தது பிராக்கோலி குடும்பம். உலகம் சிரித்தபோது கிரெய்க்குக்காக உறுதியாக நின்றவர் மகள் பார்பரா பிராக்கோலி. 2025 பிப்ரவரியில் அந்த அதிகாரம் அமேசான் கைக்குப் போனது. இயக்குநராக டெனி வில்நெவை அறிவித்திருப்பது நல்ல செய்தி. ஆனால் இணையத்தில் அதிகம் பேர் கேட்கும் ஆளையே போட்டுவிடலாம் என்று புதிய முதலாளிகளுக்குத் தோன்றினால் அதுதான் ஆபத்து. கானரியையும் கிரெய்க்கையும் எந்த ரசிகரும் கேட்கவில்லை. நம்மில் பாதிப் பேருக்குப் பெயர் தெரியாத, 30 வயதையொட்டிய, மேடை நாடகத்தில் தேறிய ஒருவர் வந்தால் என் ஓட்டு அவருக்கு.

கானரி தலையில் இருந்தது சொந்த முடியா?
(வாசகர், காரைக்குடி)

முதல் படத்திலிருந்தே விக். கிரெய்க்கின் முடி நிறத்துக்காக நடந்த கலவரத்தைப் புதுச்சேரி வாசகர் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.