காதை மடக்குவது திமிரா, வலியா?

கேள்வி: ஏழு வயது ஆண் குதிரை வைத்திருக்கிறேன். வாரம் முழுக்க லாயத்தில்தான் நிற்கும், ஞாயிறு மட்டும் வண்டியில் பூட்டி ஓட்டுவேன். ஒரு மாதமாகத் தேய்த்துவிடப் போனாலே காதைப் பின்னால் மடக்குகிறது. சேணம் போட்டால் கடிக்க வருகிறது. "திமிர், நாலு போடு" என்கிறார் மாமா. அடிக்க மனசு வரவில்லை. வலியாக இருக்குமோ டாக்டர்?
- வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: மனசு வராமல் இருந்தது நல்லதாகப் போயிற்று, தம்பி. நேற்றுவரை ஒழுங்காக நின்ற குதிரை காதை மடக்கினால் முதலில் வலியைத்தான் சந்தேகப்பட வேண்டும். குதிரை வலிக்கிறது என்று கத்தாது.

உள்ளங்கையைப் பதித்துக் கழுத்தில் தொடங்கி முதுகெலும்பின் இரு பக்கமும், இடுப்பு, பின்தொடை வரை மெல்ல அழுத்திக்கொண்டே போங்கள். விரல் நுனியால் குத்த வேண்டாம், குத்தினால் நோகாத குதிரையும் துள்ளும். ஓரிடத்தில் முதுகைத் தாழ்த்தி நழுவுகிறதா? மறுபடி அங்கேயே கை வையுங்கள். மூன்று தடவையும் நழுவினால் வலி அங்கேதான். ஒரு பக்கம் மட்டும் பலகை மாதிரி இறுகியிருக்கிறதா, சூடாக இருக்கிறதா என்றும் பாருங்கள். முகமும் சொல்லும்: கண்ணுக்கு மேல் தோல் சுருங்கும், மூக்குத் துவாரமும் தாடையும் இறுகும். நடக்கவிட்டால் எடுத்து வைக்கிற அடி குறுகும், திருப்பினால் கட்டை மாதிரி மொத்தமாகத் திரும்பும். நொண்டினால் மட்டும் குளம்பையும் லாடத்தையும் முதலில் பாருங்கள்.

வேலந்தாவளம் பக்கம் ஒரு வெள்ளைப் பெண் குதிரை, கல்யாண ஊர்வலத்துக்குப் போவது. வார் இறுக்கினால் கடிக்கிறது என்றார்கள். நான் பல்லைப் பார்த்து அனுப்பிவிட்டேன். மறுநாள் சேணத்தைப் புரட்டிப் பார்த்தால், உள்ளே அடைத்திருந்த வைக்கோல் ஒரு பக்கம் கட்டிதட்டி எலுமிச்சம்பழ அளவுக்குப் புடைத்திருந்தது. அதற்கு நேரே முதுகில் கை வைத்ததும் அது உட்காரவே பார்த்தது. அந்த ஒரு நாளை நினைத்தால் எனக்கு இன்னும் வருத்தம்தான்.

உங்கள் குதிரைக்கு ஆறு நாள் சும்மா, ஏழாம் நாள் முழு ஓட்டம். உடம்பு எப்படித் தாங்கும்? தினமும் அரை மணி நேரமாவது நடத்துங்கள். ஓட்டத்துக்கு மறுநாள் வருகிற சாதாரண உடம்புவலி சில நாளில் அடங்கிவிடும். ஒரு மாதம் நீடித்தால் அது சாதாரணமில்லை.

இன்னொன்று, இது உயிர் விஷயம். ஓய்வு நாளிலும் கொள்ளுத் தீவனத்தைக் குறைக்காமல் வைத்து, மறுநாள் ஓட்டினால் தசை இறுகிப் பிடித்துக்கொள்ளும். அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் இதைத் திங்கட்கிழமை நோய் என்றே சொன்னார்கள். பின்னங்கால் விறைத்து, வியர்த்துக் கொட்டி, அடி எடுத்து வைக்காமல் நின்றுவிடும். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகும். சிதைந்த தசையின் சாயம் அது, சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். அப்போது ஓரடிகூட நடத்தாமல், நிற்கிற இடத்துக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள். சும்மா நிற்கிற குதிரைக்கு நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். தாடை எலும்பின் அடி விளிம்பில் விரல் வைத்தால் தெரியும். 60ஐத் தாண்டினால் காத்திருக்காதீர்கள்.

நமக்கு வாங்கிய வலி மாத்திரையைக் கொடுத்துவிட வேண்டாம். இந்த ஞாயிறு வண்டி பூட்டாமல் கால்நடை மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். சேணத்தையும் கையோடு எடுத்துப் போங்கள், மாமாவும் கூட வரட்டும்.