ஸ்டேஜ் மட்டும் போதாது, வகையைக் கேளுங்கள்

கேள்வி: எனக்கு 26 வயது. பெரம்பூரில் வீடு, சோழிங்கநல்லூரில் ஐ.டி. வேலை. வயிறு உப்பிசமாகவே இருந்ததால் ஸ்கேன் எடுத்தோம். வலது சினைப்பையில் கட்டி. நீர்க்கட்டியாக இருக்கும் என்று ஒரு தனியார் மருத்துவமனையில் அந்தச் சினைப்பையை எடுத்தார்கள். பயாப்சியில் கேன்சர், ஸ்டேஜ் 1 என்று வந்திருக்கிறது. கீமோ தேவைப்படலாம் என்கிறார் டாக்டர். கத்தி பட்டுவிட்டது, இனி பரவும், கர்ப்பப்பையையும் எடுத்துவிடு என்கிறார் பெரியம்மா. வரன் பார்க்கும் நேரம், தங்கையிடம்கூடச் சொல்லாதே என்கிறார் அம்மா. எனக்குக் குழந்தை பிறக்குமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன், அதுதான் உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது என்று தெரிகிறது. ஒரு சினைப்பையும் கர்ப்பப்பையும் இருந்தால் மாதவிலக்கு வரும், கருவும் தரிக்கலாம். உங்களுக்கு இரண்டும் இருக்கின்றன. அவற்றை விட்டுவைக்கலாமா என்பதைப் பெரியம்மாவோ நானோ சொல்ல முடியாது, பயாப்சி ரிப்போர்ட்தான் சொல்லும். அதில் முக்கியமான ஒன்றை நீங்கள் எழுதவே இல்லை. ஸ்டேஜ் இருக்கிறது, வகை இல்லை.

சினைப்பைப் புற்றுநோய் ஒரே நோய் இல்லை. வயது கூடிய பெண்களுக்கு அதிகம் வருவது எபிதீலியல் வகை, அதாவது மேல்படலச் செல்களில் தொடங்குவது. இளம்பெண்களிடம் ஜெர்ம் செல் வகையும் கணிசமாக வருகிறது. அது முட்டையாக வேண்டிய செல்களிலிருந்து தொடங்குவது, கீமோவுக்கு நன்றாகக் கட்டுப்படும், பரவிய நிலையில் வந்தவர்கள் பலரும்கூடக் குணமாகியிருக்கிறார்கள், அதனால் மற்றொரு சினைப்பையையும் கர்ப்பப்பையையும் காப்பாற்றிக்கொண்டே சிகிச்சை செய்வதுதான் அதில் வழக்கம். மருந்துகளும் வேறு: ஜெர்ம் செல்லுக்கு பிளியோமைசின், எட்டோபோசைட், சிஸ்பிளாட்டின், எபிதீலியலுக்குப் பெரும்பாலும் கார்போபிளாட்டின், பாக்லிடாக்சல். எபிதீலியலாகவே இருந்தாலும் 1ஏ (ஒரு சினைப்பைக்குள்ளேயே நிற்பது), கிரேடு 1 (செல்கள் அதிகம் மாறாதது) என்றால் ஆபரேஷனோடு நிறுத்திக்கொண்டு கீமோ இல்லாமல் கண்காணிப்பதும் உண்டு.

இன்னொன்று. நீர்க்கட்டி என்று நினைத்துச் செய்த ஆபரேஷனில் வயிற்றுக்குள் கழுவிய நீரைச் சோதித்தார்களா, குடலை மூடியிருக்கும் கொழுப்புப் படலத்திலிருந்து துண்டு எடுத்தார்களா என்று கேளுங்கள். இல்லை என்றால் அந்த ஸ்டேஜ் 1 இன்னும் உறுதியாகவில்லை, அதை முடிவு செய்ய ஸ்கேனோ இன்னொரு ஆபரேஷனோ வேண்டியிருக்கலாம். எடுக்கும்போது கட்டி உடைந்ததா என்பதும் ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும். உடையாமல் முழுசாக, மேலே எதுவும் இல்லாமல் வந்து, கழுவிய நீரிலும் கேன்சர் செல் இல்லையென்றால் 1ஏ, உடைந்திருந்தால் 1சி. கத்தி பட்டாலே பரவும் என்பது தவறு, கேன்சரைக் குணமாக்குவதில் ஆபரேஷனுக்குத்தான் பெரிய இடம். ஆனால் கட்டி உடைந்து உள்ளே சிந்துவதை டாக்டர்களும் பொருட்படுத்துவார்கள், அதற்காகத்தான் அந்த 1சி.

அடுத்து செய்ய வேண்டியது செகண்ட் ஒப்பீனியன். வெறும் ரிப்போர்ட் பேப்பரோடு போகாதீர்கள். ஆபரேஷன் செய்த இடத்தில் பயாப்சி ஸ்லைடுகளையும், கட்டித் துண்டுகளைப் பதித்துவைத்த மெழுகு பிளாக்குகளையும் கேட்டு வாங்குங்கள், ஆபரேஷன் குறிப்பும் சேர்த்து. புற்றுநோய்க்குத் தன் சகோதரியைப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. அங்கேயோ, பெண்களின் புற்றுநோய் ஆபரேஷன்களையே செய்யும் வேறொரு டாக்டரிடமோ காட்டுங்கள். கட்டியின் வகையை அறிய உதவும் ஏ.எஃப்.பி., பீட்டா ஹெச்.சி.ஜி., எல்.டி.ஹெச்., சிஏ 125 ரத்தப் பரிசோதனைகள் எடுத்தாயிற்றா என்றும் கேளுங்கள். சிஏ 125 மட்டும் கூடியிருந்தால் பதற வேண்டாம், மாதவிலக்கு நாட்களிலும், எண்டோமெட்ரியோசிஸிலும் (கர்ப்பப்பையின் உள்படலம் போன்ற திசு வெளியே வளர்வது) கூட அது ஏறும்.

கீமோ என்று முடிவானால், தொடங்குவதற்கு முன்னால், கருமுட்டைகளை எடுத்து உறையவைக்கலாமா என்று வாயைத் திறந்து கேட்டுவிடுங்கள். கல்யாணம் ஆகாத பெண்ணிடம் இதைப் பேசத் தயங்கும் டாக்டர்கள் இருக்கிறார்கள், அது அவர்கள் தயக்கம், உங்களுடையதாக வேண்டாம். சுமார் இரண்டு வாரம் ஆகும். உங்கள் வகைக்கு அந்த ஹார்மோன் ஊசிகள் சரிவருமா, அவ்வளவு நாள் காத்திருக்கலாமா என்பதைப் புற்றுநோய் டாக்டர்தான் சொல்ல வேண்டும். செலவுக்கு கம்பெனி இன்சூரன்ஸைப் பாருங்கள், முட்டை உறையவைப்பதை அது ஏற்குமா என்று தனியாக விசாரியுங்கள்.

வரன் விஷயம். இப்போதைக்கு நிறுத்திவைக்கச் சொல்லுங்கள், காரணம் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பெரம்பூர் முழுக்கத் தெரிய வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஆனால் நாளைக்கு ஒருவரைக் கட்டிக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் நிச்சயத்துக்கு முன்னால் அவரிடம் நீங்களே நேராகச் சொல்லிவிட வேண்டும், தரகர் மூலமாகவோ அம்மா மூலமாகவோ வேண்டாம். விலகிப் போகிறவர் அப்போதே போகட்டும்மா.

அம்மா பயத்தில் பேசுகிறார், அது புரிகிறது. ஆனால் தங்கையிடம் மறைப்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். உங்களுடையது எபிதீலியல் என்றால் பிஆர்சிஏ மரபணுப் பரிசோதனை பற்றி டாக்டரிடம் பேசுங்கள், அந்த மரபணுவில் கோளாறு இருந்தால் மார்பக, சினைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடும். அந்தக் கோளாறு அப்பா வழியிலும் வரலாம், உங்களுக்கு இருந்தால் தங்கைக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, தெரிந்தால் அவள் முன்கூட்டியே மார்பகத்தையும் சினைப்பையையும் கவனித்துக்கொள்ள முடியும். இந்த வாரமே சொல்லுங்கள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள், நீங்கள் கேட்க, அவள் எழுதிக்கொள்ளட்டும்.